யமனாஷியில் என் கண்ணுக்குத் தப்பிய ரயில்

ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் காந்த மிதவை ரயிலின் சோதனைத் தடத்தை ஒட்டி ஒரு காட்சியகம் இருக்கிறது. ஓட்ஸுகி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தேன். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம்தான் தடம் வெளியே தெரியும். மணிக்கு 500 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 139 மீட்டர் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தும், கைபேசியின் பொத்தானை அழுத்துவதற்குள் வண்டி அடுத்த சுரங்கத்துக்குள் போய்விட்டது. படத்தில் விழுந்தது வெறும் கான்கிரீட் சுவர்.

அடுத்த முறை கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வண்டி நிதானமாகத்தான் வந்தது; ரப்பர் சக்கரங்கள் உருளும் ஓசை தெளிவாகக் கேட்டது. சுமார் 150 கிலோமீட்டர் வேகம் வரை சக்கரத்தில் ஓடி, அதற்கு மேல்தான் வண்டி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பி மிதக்கிறது. திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட வண்டியின் மின்காந்தங்கள் விரைந்து கடக்கும்போது தடத்தின் பக்கச் சுவர்களிலுள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரம் தூண்டப்பட்டு, அதன் விசையே வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதால், வேகம் இல்லாவிட்டால் மிதப்பும் இல்லை.

2015 ஏப்ரல் 21 அன்று இதே தடத்தில்தான் எல் ஜீரோ வண்டி 603 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்த உச்ச எண்ணைவிட, 600க்கு மேல் 10.8 நொடிகள் நீடித்து ஓடியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2007 ஏப்ரல் 3 அன்று 574.8 கிலோமீட்டர் ஓடிய பிரெஞ்சு அதிவேக ரயிலான டிஜிவியை இதனோடு ஒப்பிடுவது சரியல்ல. அது இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் சக்கர வண்டி. ஆனால் அந்த ஓட்டத்துக்கென்றே சக்கரங்களின் விட்டத்தை 920 மில்லிமீட்டரிலிருந்து 1,092 ஆக மாற்றி, மேல்கம்பியின் மின்னழுத்தத்தையும் 25லிருந்து 31 கிலோவோல்ட்டாக உயர்த்தியிருந்தார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சக்கர வேலைப்பாட்டில் எனக்குத் தனி மயக்கமே உண்டு.

கிளம்பும் முன் காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தி வைத்திருக்கும் எம்எல்எக்ஸ் 01-2 பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். 2003 டிசம்பரில் 581 கிலோமீட்டர் வேகம் கண்ட பெட்டி அது. ஜன்னல்கள் விமானத்தில் இருப்பவை போலச் சிறியவை. பின்னால் இடத்துக்காக ஒரு சிறுவன் காத்து நின்றதால் எழுந்துகொண்டேன்.