மறு: மவுத்ஃபீலுக்கு "வாய்ப்பதம்" சரியா வருமா?

> "வாய் உணர்வு"ன்னே எழுதிட்டு போலாமே, புதுசா எதுக்கு ஒரு சொல்லு?

போதாதுங்க. பீர் ருசிக்குறிப்புல மவுத்ஃபீல்னா, குடிக்கும்போது வாயில தொட்டு உணர்ற கனம், வழவழப்பு மாதிரி சமாச்சாரம் மட்டும்தான். பல்லு கூசுறதும் வாய் உணர்வுதான், நாக்கு சுட்டுக்கிட்டதும் வாய் உணர்வுதான். நேத்து ஒரு ரை ஐபிஏ-வை (கோதுமை மாதிரியான ரை தானியம் சேர்த்து காய்ச்சின, கசப்பு தூக்கலான பீர்) ஊத்தி வெச்சு குறிப்பு எழுத உக்காந்தப்பதான் இது உறைச்சுது. மொத மடக்குலயே ஆரஞ்சுத்தோல் வாசனை மூக்குக்கு ஏறி, பின்னாடியே கசப்பு பளிச்சுன்னு வந்துது, அதெல்லாம் எழுதிட்டேன், ஆனா முழுங்கின பிறகும் நாக்கு மேல எண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு நின்னுச்சு பாருங்க, அது சுவையும் இல்ல, மணமும் இல்ல, எந்தத் தலைப்புல போடறது?

அந்த வழவழப்புக்கு காரணமே ரைதான். பீட்டா குளுக்கன், அராபினோசைலான்னு ரெண்டு நார்ச்சத்து அதுல ஜாஸ்தி, பீர் காய்ச்ச சுடுதண்ணில ஊற வெச்சா கூழா இறுகிக்கும். உமியும் கிடையாது, அதனால சாறு வடியவே வடியாம அடைச்சுக்கும், நெல் உமியை கலந்துதான் வடிப்பாங்க. (சிலர் ரை-யை "கம்பு"ன்னு எழுதறீங்க, கம்பு வேற தானியம், தயவுசெஞ்சு வேணாம்.)

பிஜேசிபி (பீர் போட்டி நடுவர்களுக்கு சான்று குடுக்கற அமைப்பு) மதிப்பெண் தாள்ல மொத்தம் 50, மணத்துக்கு 12, சுவைக்கு 20, மவுத்ஃபீலுக்கு வெறும் 5. ஆனா ரை பீர்ல அந்த 5 தான் ஆளைக் காட்டிக்குடுக்கும். கனம், கேஸ், துவர்ப்பு எல்லாம் அந்த 5-க்குள்ளதான். இத்தனையும் சேர்த்து சொல்ல நம்மகிட்ட ஏற்கனவே "பதம்" இருக்கே, பாகுப்பதம், மாவுப்பதம்னு கையில தொட்டு பாக்கறதை சொல்றோம், வாயில தொட்டு பாக்கறது வாய்ப்பதம், அவ்வளவுதான்.

> "நாப்பதம்" இன்னும் சின்னதா இருக்கே?

பேச்சுல நாப்பதுன்னு கேக்கும் ஐயா, 50-க்கு எத்தனைன்னு கேட்டா குழப்பம்தான் :)

எனக்கே உறுத்துறது ஒண்ணு இருக்கு, துவர்ப்பு. நமக்கு அது அறுசுவைல ஒண்ணு, அந்தத் தாள்ல அது சுவைல வராது. யோசிச்சா அவங்க சொல்றதும் சரிதான், டானின் போயி எச்சில்ல இருக்கற புரதத்தை பிடிச்சுக்குது, வழுக்கல் போயிடுது, வாய் வறண்டு இழுக்குது, அது தொடு உணர்ச்சிதானே. அதனால வாய்ப்பதத்துலயே இருக்கட்டும்ங்கறேன், மறுக்கறவங்க மறுக்கலாம்.

அப்புறம் "ஹாப்பி"யை (பீருக்கு கசப்பும் மணமும் குடுக்கற ஹாப்ஸ்ங்கற கொடிப்பூ தூக்கலா தெரியறதை சொல்ற சொல்லு) தமிழ்ல "கசப்பான"ன்னு போட்டிருக்கீங்க, அது பாதி உண்மை. கொதிக்கும்போது ஹாப்ஸ் போட்டா அதுல இருக்கற ஆல்ஃபா அமிலம் உருமாறி கசப்பு குடுக்கும், நொதிச்சு முடிஞ்சப்பறம் போட்டா பெரும்பாலும் மணம்தான் ஏறும். ஐபியு எண் கசப்பை மட்டும்தான் அளக்கும், மணத்தை அளக்காது. ஐபியு கம்மியா இருந்தும் மணம் தூக்கலா இருக்கற பீரை "கசப்பான"ன்னு எழுதினா பொய்யாயிடும். நாம முகர்றது அந்தக் கொடியோட பெண் பூவைத்தான், அதனால "ஹாப்பூ மணம்", "ஹாப்பூ கசப்பு"ன்னு ரெண்டா பிரிச்சிடலாம். ஒலியும் தானா அமைஞ்சுடுச்சு, இதுல எனக்கு கொஞ்சம் பெருமைதான்.

நேத்தைய குறிப்பை இப்படி மாத்திட்டேன்:

"ஹாப்பூ மணம் தூக்கல், ஆரஞ்சுத்தோல். ஹாப்பூ கசப்பு நடுத்தரம். வாய்ப்பதம்: நடுக்கனம், வழவழப்பு, கேஸ் கம்மி, கடைசில லேசா துவர்ப்பு."

குடிக்காதவங்க யாராவது படிச்சுட்டு புரியுதான்னு சொல்லுங்க.