சயாட்டிகா வலிக்கு அக்குபங்சர் பலன் தருமா?

கேள்வி:
58 வயதான என் தாயாருக்கு இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று வலி இறங்குகிறது. இந்த நரம்பு வலியைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. பல மாதங்களாகப் பிரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்ந்தும் வலி அடங்கவில்லை. உறவினர் ஒருவர் சொல்லும் அக்குபங்சர் மையத்தில் ஊசியே போடுவதில்லையாம். ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, மாத்திரைகளை அன்றே நிறுத்தச் சொல்கிறார்களாம். அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி 1:
டிஸ்க் பிதுக்கத்தால் வரும் நாள்பட்ட சயாட்டிகாவைப் பற்றிய சீன ஆய்வு ஒன்று 2024இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியானது. 216 பேரில் ஒரு பாதியினருக்கு அக்குபங்சரும் மறுபாதியினருக்குப் போலி ஊசிச் சிகிச்சையும் நான்கு வாரங்களில் பத்து முறை அளிக்கப்பட்டன. நூறு வரையிலான வலி அளவுகோலில் கால்வலி முன்னவர்களுக்குச் சுமார் 31, பின்னவர்களுக்குச் சுமார் 15 குறைந்தது. ஓராண்டு கழித்தும் வேறுபாடு நீடித்தது. போலிச் சிகிச்சைக்கே 15 குறைந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்போ, சயாட்டிகா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுப்புவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என 2016இல் கூறியிருந்தது.

மறுமொழி 2:
மேற்கண்ட ஆய்வு ஊசியைப் பற்றியது. பிட்டத்திலும் முழங்கால் மடிப்பிலும் உள்ள புள்ளிகளில் மெல்லிய ஊசியை ஏற்றி, உள்ளே கனப்பதுபோன்ற உணர்வு வரும்வரை திருகுவதே சீன மரபு. நம் ஊரில் பரவியுள்ள தொடுசிகிச்சையும் அதே பெயரில் வழங்குகிறது என்பதற்காக, அந்த முடிவுகளை அதன் கணக்கில் சேர்க்க முடியாது. மேலும், பிரீகாபலினைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, பதற்றம் ஆகியவை வரக்கூடும். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இந்த உபாதைகளை மறைப்பதற்குத் தொடுசிகிச்சை செய்பவர்களிடம் "கழிவு வெளியேறுகிறது" என்ற விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். ஊசி போடும் பயிற்சி பெற்ற மருத்துவர் கிடைத்தால், மாத்திரையையும் பயிற்சிகளையும் விடாமல் சில வாரங்கள் பார்க்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் ஊசிதானா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3:
சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் பிரிந்தாலோ, தொடை இடுக்கிலும் மலவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ எந்த மையத்துக்கும் போகாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நடக்கும்போது இடது செருப்பு கழன்றுவிடுவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வார் தளர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தோம். இன்றே நரம்பியல் மருத்துவரிடம் கிளம்புகிறோம்.