கெடிலக்கரை வீடு: முன்பணமும் வினாடி வினாவும்

சனிக்கிழமை, எங்கள் குடும்பக் குழு உரையாடல் (பெயர்கள் நான் அழைப்பதுபோல; சதாபிஷேகம் தாத்தாவுக்கு)

நெய்வேலிச் சித்தப்பா (காலை 7:12): அனைவருக்கும் வணக்கம். மண்டபக்காரர் இன்று மாலைக்குள் முன்பணம் கேட்கிறார். அப்பாவின் சதாபிஷேகம் எந்த மாதம்? முடிவு சொல்லுங்கள். சமையல்காரருக்கும் தலைக்கணக்கு வேண்டும்.

அப்பா: ஆனி.

சித்தி: பங்குனி என்றல்லவா பேசினோம்?

முத்தியால்பேட்டை அத்தை: எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல.

பெரியப்பா: நான் விளக்குகிறேன். ஆயிரம் பிறை கண்டவருக்குத்தான் சதாபிஷேகம். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு 29.53 நாள். ஆயிரம் பிறைக்கு 29,530 நாள். அதை 365.25ஆல் வகுத்தால் 80 ஆண்டும் பத்து மாதமும் வரும். விரல்விட்டு எண்ணினாலும் கணக்கு ஒத்துப்போகிறது. ஆண்டுக்கு 12 பிறை என்றால் 80 ஆண்டுக்கு 960. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் 19 ஆண்டுக்கு 7 பிறை கூடுதலாக வரும். 80 ஆண்டில் அது 29. ஆகமொத்தம் 989. மீதி 11 பிறைக்கு இன்னும் பத்து மாதத்துக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே 80 முடிந்த அன்றே செய்வது கணக்குப்படி சரியாகாது.

சித்தப்பா: அண்ணா, மாதம்?

பெரியப்பா: பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1. அதன்படி பங்குனி. ஆனால் அந்தக் காலத்தில் ஆசிரியர் போட்ட தேதி அது. அம்மா சொல்வது ஆவணி மூலம். அதன்படி ஆனி.

அப்பா: ஆனி.

சித்தி: பங்குனியில் பிள்ளைகளுக்குத் தேர்வு. ஆனியில் பள்ளி திறந்துவிடும்.

பெரியம்மா: அத்தை (பாட்டி) பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்வதை எழுதுகிறேன்: "அவர் பிறந்தது ஆவணி மூலம். என் மாமியார் என்னிடம் சொன்னது. காகிதத்தை நம்பாதீர்கள்."

சித்தப்பா: சரி, அதைப் பிறகு பார்ப்போம். மாலை நிகழ்ச்சிக்கு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிள்ளைகளுக்கு வினாடி வினா. காணும் பொங்கல் அன்று திண்ணையில் நடத்துவாரே, அதேபோல.

நான்: கேள்விகளை நான் தயாரிக்கிறேன் சித்தப்பா. என்னிடம் விடுங்கள்.

அத்தை: நன்றாகச் செய்வாய் கண்ணு. ஆனால் விடைத்தாளை இரண்டு பேராவது சரிபார்க்க வேண்டும். இந்த வீட்டில் சரியான விடை சொன்னவர்கள் தோற்றிருக்கிறார்கள்.

பெரியப்பா: செல்வி, இன்னுமா?

அத்தை: இன்னும்தான்.

கவின்: என்ன நடந்தது அத்தை?

சித்தி: (பல முறை பகிரப்பட்டது) உங்களுக்குத் தெரியுமா? நிலவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டடம் சீனப் பெருஞ்சுவர்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

சித்தி: இதையும் ஒரு கேள்வியாக வைக்கலாமே.

பெரியப்பா: வேண்டாம் அம்மா, அது தவறு. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுவர் நீளமே தவிர அகலம் சில மீட்டர்தான். மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஒரு கோடியில் கிடக்கும் தலைமுடியை மறு கோடியிலிருந்து பார்ப்பதைவிடக் கடினம். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றியபோதே சுவர் தம் கண்ணுக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டார். அவரே பார்க்காததை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாது.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

நான்: முதல் தவணை இதோ. பாருங்கள்.
வங்காள விரிகுடா, அரபிக்கடல் இரண்டிலும் கரை உள்ள ஒன்றியப் பகுதி எது?
பழத்துக்கு வெளியே கொட்டை தொங்கும் மரம் எது?
விடுதலைப் போராட்டக் காலத்தில் கடலூர்ச் சிறையில் இருந்த மகாகவி யார்?
புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது எந்த ஆண்டு?

கவின்: முதலாவது புதுச்சேரி! மாஹே கேரளக் கரையில் இருக்கிறது. இரண்டாவது முந்திரி. மூன்றாவது பாரதியார்.

பெரியம்மா: முந்திரிக்கொட்டை, விடையை இங்கேயே சொல்லிவிட்டாயே. சின்னப் பிள்ளைகளும் அம்மாவின் கைப்பேசியில் படிக்கிறார்கள்.

அப்பா: மூன்றும் போயிற்று.

பெரியப்பா: போகட்டும், கதை போகவில்லை. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். பத்து ஆண்டு. 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பரில்தான் விட்டார்கள். நாம் முள்ளோடையைப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிறோம். அவருக்கு அந்த எல்லைதான் பத்து ஆண்டுக்கால அரண். அப்பா இதைச் சொல்லும்போது குரல் மாறும். கேள்வியோடு இதையும் சேர்த்துச் சொல், அம்மா.

அத்தை: நான்காவது கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கிறாய்?

நான்: 1954, அத்தை.

அத்தை: பார்த்தீர்களா. தலைமுறை மாறினாலும் இந்த வீடு மாறாது.

கவின்: ஓ, இதுதானா அது?

அத்தை: நான் ஏழாம் வகுப்பு. காணும் பொங்கல். உன் தாத்தா இதே கேள்வியைக் கேட்டார். நான் 1962 என்றேன். அண்ணன் 1954 என்றார். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அண்ணனுக்குப் போயிற்று. பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பரிசு கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

பெரியப்பா: செல்வி சொல்வதில் நியாயம் உண்டு. முழுவதையும் சொல்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அப்பாவுக்கு ஒன்பது வயது. தம் அப்பா தோளில் உட்கார்ந்து கொடியேற்றத்தைப் பார்த்திருக்கிறார். கடலூர்ப் பிள்ளைக்கு அது திருவிழா. அதனால்தான் அவருக்கு 1954 தவிர வேறு ஆண்டு தோன்றவில்லை. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகு சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16.

அத்தை: சட்டப்படி. அந்த ஒரு சொல்லைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

மாமா: 1962 எங்கள் வீட்டில் மறக்க முடியாத ஆண்டு. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். அம்மா ஆறு மாதமும் தூங்கவில்லை. வைத்துக்கொள்வதாக அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த ஓய்வூதியத்தில்தான் நாங்கள் படித்தோம்.

பெரியம்மா: நீங்கள் இவ்வளவு எழுதி இன்றுதான் பார்க்கிறேன் அண்ணா.

நான்: மாமா, இதை நீங்களே அன்று மாலை சொல்ல வேண்டும். கேள்வியை மாற்றிவிடுகிறேன். நிர்வாகம் கைமாறியது எந்த ஆண்டு, சட்டப்படி இணைந்தது எந்த ஆண்டு? இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண்.

அத்தை: டிபன் பாக்ஸ்?

சித்தப்பா: சமையல்காரர் பட்டியல் அனுப்பிவிட்டார். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பரங்கிக்காய்க் கூட்டு, தக்காளி ரசம், வடை, முந்திரி போட்ட பால் பாயசம், ஊறுகாய், அப்பளம். சம்மதமா?

பெரியப்பா: அருமையான கேள்வி கிடைத்துவிட்டது! இந்த இலையில் அறுநூறு ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டில் இல்லாதவை எவை?

சித்தப்பா: அண்ணா, நான் கேட்டது சம்மதமா என்று.

பெரியப்பா: உருளைக்கிழங்கு, தக்காளி, பரங்கிக்காய், முந்திரி, சாம்பாரில் போடும் மிளகாய். அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. முந்திரி பிரேசில் மரம். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தார்கள். இன்று பண்ருட்டி என்றாலே பலாவும் முந்திரியும். மிளகு நம்முடையது. காரத்துக்கு நம்மவர்களிடம் அதுதான் இருந்தது. அதனால்தான் புதிதாக வந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். பழைய சமையல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் திதிச் சமையலைப் பாருங்கள். மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அங்கே இடமில்லை.

பெரியம்மா: சுப காரியம் பேசும்போது திதியை ஏன் இழுக்கிறீர்கள்? அத்தை முகம் சுருங்கிவிட்டது.

பெரியப்பா: மன்னிக்க வேண்டும்.

பெரியம்மா: அத்தை சொல்கிறார்கள்: "தக்காளி ரசம் வேண்டாம். மிளகு ரசம் வைக்கச் சொல். அவருக்கு நெஞ்சு எரியும்."

அப்பா: மிளகு ரசம்.

சித்தப்பா: தலைக்கணக்கு? 150 போடட்டுமா, 200ஆ? அக்கா வீட்டு உறவினர்கள் எத்தனை பேர்?

அத்தை: அழைப்பிதழில் என் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

(பகல் 2:40)

நான்: மதியம் முழுக்க யோசித்தேன். கடைசிக் கேள்வியாக இதை வைக்க விரும்புகிறேன். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து, பார்க்க முடியாமல் திரும்பிய வானியலாளர் யார்?

கவின்: இது யாருக்குமே தெரியாது அக்கா. பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறாய்.

நான்: தெரிய வேண்டாம். விடை தெரியாத கேள்விக்குத்தான் தாத்தா கதை சொல்வார். அவரைச் சொல்லவைக்கத்தான் இந்தக் கேள்வி.

பெரியப்பா: லெ ஜான்டி! எழுதட்டுமா?

அப்பா: எழுதுவீர்கள்.

பெரியப்பா: கியோம் லெ ஜான்டி. 1760இல் பிரான்சை விட்டுக் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போகும். அதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் சூரியன் எவ்வளவு தொலைவு என்று கணக்கிடலாம். அந்தத் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்று நாம் இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அன்று அதற்காக மனிதர்கள் உலகம் முழுக்கக் கப்பலில் போனார்கள். இவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர் புதுச்சேரி. ஆனால் அந்த ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. செய்தி தெரிந்து கப்பல் நடுவழியில் திரும்பியது. கடப்பு நாளன்று வானம் தெளிவு. ஆனால் அவர் நின்றது ஆடும் கப்பலில். ஆடும் தளத்தில் எதை அளப்பது?

பெரியப்பா: அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊருக்குத் திரும்பவில்லை. காத்திருந்தார். இதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்துவிட்டது. 1768இல் வந்து, இடிந்து கிடந்த கோட்டையிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை. அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் வீடு திரும்பினால், இறந்துவிட்டார் என்று நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தை: சொத்து விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

சித்தப்பா: அக்கா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பெரியப்பா: இன்னொன்று. அவர் இங்கே இருந்தபோது தமிழர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணம் கணிப்பதைப் பார்த்துக் குறித்துவைத்தார். எழுதுகோலும் இல்லை, காகிதமும் இல்லை. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்: எனக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது பெரியப்பா. 2004 ஜூன் 8. தாத்தா பைனாகுலரை நாற்காலியில் கட்டி, வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்தார். தெருவே வரிசையில் நின்றது. அந்த வெளிச்ச வட்டத்தில் எள்ளளவு கறுப்புப் புள்ளி. "ஒருவர் இதற்காகப் பதினோரு ஆண்டு அலைந்தார், உனக்கு வாசலிலேயே வந்துவிட்டது, நன்றாகப் பார்" என்றார். இனிமேல் 2117 டிசம்பரில்தான். அந்தப் பிள்ளைகளில் யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தக் கேள்வியை விட மாட்டேன்.

கவின்: சரி அக்கா. இருக்கட்டும். கதை முழுக்க வேண்டும்.

சித்தி: நானும் அன்று வரிசையில் நின்றேன். மசக்கையாக இருந்தேன், வெயிலில் நிற்காதே என்று மாமனார் திட்டினார். ஆனால் முதலில் என்னைத்தான் பார்க்கவிட்டார்.

கவின்: அப்படியென்றால் நானும் பார்த்திருக்கிறேன்!

மாமா: நம் ஊர்க் குண்டு கிராமத்தையும் சேர்த்துக்கொள் அம்மா. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரை நிலத்தை எடுத்துக்கொண்டார்களே.

அத்தை: அது கடலூர்க் கதை. நீங்கள் எப்போது கடலூர்க்காரர் ஆனீர்கள்?

மாமா: உன்னைக் கட்டிய நாளிலிருந்து.

பெரியம்மா: அத்தை சிரிக்கிறார்கள்.

சித்தப்பா: மண்டபக்காரர் மறுபடி அழைத்துவிட்டார். பங்குனியா, ஆனியா?

தாத்தா தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்…

சித்தி: எல்லாரும் சற்று நிறுத்துங்கள். மாமா எழுதுகிறார்.

(மாலை 4:05)

தாத்தா: எல்லாவற்றையும் படித்தேன். செல்வியின் விடையும் சரி. அன்று இரண்டு பரிசு கொடுத்திருக்க வேண்டும். டிபன் பாக்ஸ் எங்கே.

பெரியம்மா: என்னிடம்தான் இருக்கிறது மாமா. புளி வைத்திருக்கிறேன்.

அத்தை: புளியா!

பெரியப்பா: தேய்த்துக் கொடுத்துவிடுகிறேன் செல்வி. மூடியில் மட்டும் ஒரு சொட்டை.

அத்தை: சொட்டையோடு கொடுங்கள். மேடையில் கொடுக்க வேண்டும்.

தாத்தா: 2004 வெள்ளை அட்டை பரணில் இருக்கிறது. வட்டத்தில் நீ பென்சிலால் வைத்த புள்ளி அதில் இருக்கும். எடுத்து வை.

நான்: நாளைக் காலையே வருகிறேன் தாத்தா. ஏணியை நீங்கள் தொட வேண்டாம்.

சித்தப்பா: அப்பா, மாதம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

தாத்தா: உன் அம்மாவைக் கேள்.

பெரியம்மா: அத்தை சொல்கிறார்கள்: "ஆவணி மூலம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன்."

அப்பா: ஆனி.

சித்தப்பா: ஆனியில் அந்த மண்டபத்தில் ஒரு நாள்கூடக் காலி இல்லையாம். வைகாசி கடைசியில் ஒரு ஞாயிறு இருக்கிறது என்கிறார்.

பெரியப்பா: வைகாசி என்றால் 999 பிறைதான் ஆகும். எதற்கும் பஞ்சாங்கத்தை எடுத்து மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். முன்பணம் கொடுத்துவிடாதே.

சித்தப்பா: கொடுத்துவிட்டேன் அண்ணா.