திறமூல மரபணு மென்பொருள்: இன்னும் மனசை விட்டுப் போகாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பாபநாசம்:
சி.ஆர். 1009 சப்1 என்ற வெள்ளம் தாங்கும் நெல் ரகத்தைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. எங்கள் வயலில் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து, வடிந்ததும் பச்சை பிடித்த பயிர் அது. புராஜெக்டுக்காக அதன் ரீட்ஸை (கருவி படித்துத் தந்த டிஎன்ஏ துண்டுகளை) நிப்பான்பாரே என்ற நெல் ரகத்தின் ரெஃபரன்ஸோடு, அதாவது ஒப்பிடுவதற்கான முழு டிஎன்ஏ வரிசையோடு பொருத்திவிட்டு, 9-வது குரோமோசோமில் வெள்ளம் தாங்குவதோடு தொடர்புள்ள சப்1ஏ மரபணுவைத் தேடினேன். அதைப் போன்ற உறவு மரபணுக்களில் சப்1பி இருக்கிறது, சப்1சி இருக்கிறது, ஏ மட்டும் இல்லை. மென்பொருள் விழுங்கிவிட்டது என்று முடிவுகட்டி, அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் காட்டமாக ஒரு இஷ்யூ (பிழைப் புகார்) போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மென்பொருளைப் பராமரிப்பவரிடமிருந்து பதில்: நிப்பான்பாரே ஜப்போனிகா ரகம், அதில் அந்த மரபணுவே கிடையாது, சப்1ஏ வரிசையை ரெஃபரன்ஸ் கோப்பின் கடைசியில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சேர்த்தேன். அதுவரை பி மேலும் சி மேலும் பிழையோடு ஒட்டிக்கிடந்த ரீட்ஸ் பல, ஏ-வின் மேல் வந்து வரிசையாக உட்கார்ந்தன. திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இதைக் கையேட்டில் நீங்களே எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். சரி என்றேன். இரண்டு வருஷம் ஆகிறது, எழுதவில்லை.

மன்னார்குடி:
எனக்கு ஜிஎஃப்எஃப், பெட் தகராறு. இரண்டும் மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு வடிவங்கள். முன்னது 1-லிருந்து எண்ணும், பின்னது 0-விலிருந்து. தொடக்கத்தில் ஒன்றைக் கழிக்காமல் மாற்றிக்கொண்டிருந்தது ஒரு கருவி. ஏடிஜி என்ற டிஎன்ஏ எழுத்துகளில் தொடங்க வேண்டிய, மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதி டிஜி என்று தொடங்கியது. ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன். திருத்தம் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் நிரலும் எழுதினால்தான் சேர்ப்போம் என்றார்கள். அந்த ஐந்து வரி டெஸ்டுக்கு மூன்று நாள் போனது. டெஸ்ட் தேறியதற்கான பச்சை டிக் விழுந்தபோது வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சொல்ல ஆளில்லை.

கும்பகோணம்:
பாபநாசம் நண்பரே, தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. நெல்லுக்கென்று எழுதிய பைப்லைன் (வரிசையாக ஓடும் நிரல்களின் தொகுப்பு) என்றால் நிப்பான்பாரேயில் சப்1ஏ இல்லை என்ற எச்சரிக்கை முதலிலேயே இருந்திருக்க வேண்டும். நான் ஒரு தடவை வெறும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: இஷ்யூ போடும்போது மென்பொருளின் பதிப்பு எண், ஓட்டிய கட்டளை, ரெஃபரன்ஸ் கோப்பு எங்கிருந்து எடுத்தது, எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். குரோமோசோமை ஒரு கோப்பில் 9 என்றும் இன்னொன்றில் சிஎச்ஆர்09 என்றும் எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள். பொருத்திய ரீட்ஸ் எல்லாம் இருக்கும் முழு பாம் கோப்பை ஏற்றாதீர்கள். பிழை தெரிகிற இடத்தை மட்டும் சாம்டூல்ஸ் என்ற கருவியில் வெட்டி அனுப்பினால் போதும். விவசாயி நம்பிக் கொடுத்த விதை என்றால் அவரைக் கேட்காமல் அந்த வெட்டிய துண்டைக்கூட வெளியில் வைக்காதீர்கள். அப்புறம், காட்டமாக எழுதாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்கார்ந்திருக்கலாம்.

மன்னார்குடி:
எச்சரிக்கையை யார் எழுதுவது? பட்டவர்தானே?

ஆடுதுறை:
எழுதினால் இதையும் சேருங்கள். சப்1ஏ இருந்தாலே வெள்ளம் தாங்கும் என்று இல்லை. அந்த மரபணுவின் வடிவங்களில் தாங்கவைப்பது சப்1ஏ-1. சில இண்டிகா வகை நெல் ரகங்களில் இருப்பது சப்1ஏ-2, அது பொதுவாகத் தாங்காது. ரீட்ஸ் உட்கார்ந்ததை மட்டும் பார்த்து, தாங்கும் ரகம் என்று ஒரு தடவை நான் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

பாபநாசம்:
சேர்க்கிறேன் அண்ணா. பழைய இஷ்யூவை இப்போதுதான் திறந்தேன். அவர் அதை இன்னும் மூடவில்லை.