இருப்பிடமா, இடமா, தடமா? செயலிகள் எடுக்கும் தரவுக்கு ஒரு சொல்

மட்டக்களப்பு, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கைத்தொலைபேசிச் செயலிகளுக்கான தமிழ்ச் சம்மத அறிவித்தல் ஒன்றையும் அதில் வரும் சொற்களுக்கான அகராதியையும் வரைந்துகொண்டிருக்கிறோம். பயனாளர் நிற்கும் இடத்தைச் செயலி அறிந்து வைத்துக்கொள்கிறதே, அந்தத் தரவுக்கு உறுதியான ஒரு சொல் வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஆளை அடையாளங்காட்டக்கூடியவை என்று பெயர், அடையாள இலக்கம், நிதித் தரவு ஆகியவற்றோடு இதையும் வரிசைப்படுத்துகிறது. ஆகவே இது சட்டத்தில் நிற்கிற சொல். ஆளுக்கொரு பெயர் எழுதினால் வழக்கு வரும்போது சிக்கல்.

இப்போது புழக்கத்தில் உள்ளவை இரண்டு. "இருப்பிடத் தரவு" என்பது தொலைபேசித் திரையிலேயே வந்துவிட்டது. ஆனால் நம் பக்கம் "எங்க இரிக்கீங்க?" என்று கேட்டால் யாரும் தாம் அந்த நேரம் நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை, வீடு இருக்கும் ஊரைத்தான் சொல்வார்கள். "உங்கள் இருப்பிடத்தை எடுக்கிறோம்" என்று படிப்பவர், விலாசம்தானே, அது எல்லாரிடமும் இருக்கிறதே என்று ஒப்பம் போட்டுவிடுவார். அது அறிந்து கொடுத்த சம்மதம் ஆகாது. "அமைவிடம்" என்றால் பாடசாலையோ பாலமோ அமைந்த இடம். அது நகராது, மனிதர் நகர்வார்.

என் முன்மொழிவு "இடத்தரவு". குறை இருந்தால் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று, மென்பொருள் விரிவுரையாளர்:

அக்கா, "இருப்பிடம்" பற்றி ஒரு எதிர்வாதம். அரச படிவங்களில் வீடு இருக்கும் இடத்துக்கு "வதிவிடம்" என்ற சொல் உறுதியாகிவிட்டது. கிராம உத்தியோகத்தர் தருவதும் வதிவிடச் சான்றிதழ்தான். அப்படியானால் "இருப்பிடம்" வேறு பொருளுக்குக் கிடைக்கும் அல்லவா? படிவத்துக்கு அது சரிவரும், பேச்சுக்குச் சரிவராது என்பதால் உங்கள் பக்கமே சாய்கிறேன். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தொலைபேசியின் அமைப்புகளுக்குள் போகச் சொல்லும் இடத்தில் மட்டும், திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதையே மேற்கோளில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கமாட்டார்.

சொல்லை முடிவுசெய்யமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். செயலி பதிவது பெரும்பாலும் அகலாங்கு, நெட்டாங்கு, நேரம், பிழை எல்லை. அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வைத்தால் 1.1 கிலோமீற்றர், மூன்று வைத்தால் 110 மீற்றர், நான்கு வைத்தால் 11 மீற்றர். 7.71 என்று எழுதினால் மட்டக்களப்பு நகரப் பக்கம் என்பதோடு நிற்கும். இன்னும் இரண்டு இலக்கம் சேர்ந்தால் எந்தப் படலை என்று தெரிந்துவிடும். பல செயலிகள் யோசிக்காமல் ஆறு இலக்கம் சேமிக்கின்றன. திறந்த வெளியில்கூடத் தொலைபேசியின் உண்மைத் துல்லியம் 5 மீற்றர் அளவுதான். கடைசி இலக்கங்களால் செயலிக்குப் பயனில்லை, ஆனால் முழுவதும் தரவுத்தளத்தில் கிடக்கும்.

"ஜிபிஎஸ் தரவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செய்மதி ஒரு வழிதான். பக்கத்திலுள்ள தொலைபேசிக் கோபுரம், சுற்றியுள்ள வைஃபை பெயர்கள், புளூடூத் கருவிகள், இணைய முகவரி, படக்கோப்புக்குள் ஒட்டியிருக்கும் ஆள்கூறு எல்லாமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த ஆள்கூறு கழன்றுவிடும். அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளேயே போகும். வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தை விற்பனை விளம்பரத்துக்கு இப்படி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். வரைவிலக்கணம் எந்த வழியால் பெறப்பட்டது என்பதில் தொங்கக்கூடாது, பெறப்பட்டது எதைக் காட்டுகிறது என்பதில் நிற்கவேண்டும். அந்த வகையில் "இடத்தரவு" நல்ல சொல்.

கல்முனை, சட்டத்தரணி:

இடத்தரவுக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் உண்மையான தீங்கு நடக்கும் இடம் பெயரில்லாமல் போய்விடும்.

ஒருவர் ஒருமுறை ஓட்டோ அழைக்கத் தன் இடத்தைக் கொடுக்கிறார். அது ஒரு புள்ளி. அதே செயலி ஒவ்வொரு சில நிமிடமும் அவர் எங்கே என்று எழுதி ஆறு மாதம் வைத்துக்கொண்டால் அது வேறு பொருள். இரவில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வீடு, பகலில் எங்கே என்று பார்த்தால் வேலைத்தலம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலில், செவ்வாயில் கோயிலில், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் என்று பார்த்தால் மதம். மாதமொருமுறை ஒரே சிகிச்சை நிலையத்தில் நின்றால் நோய். நமது சட்டத்தில் இடம் தனியாக, கூடுதல் பாதுகாப்புப் பெறும் விசேட வகைத் தரவு அல்ல. ஆனால் மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவு விசேட வகை, உடல்நலம் பற்றியதும் விசேட வகை. என் வாதம் முழுவதும் அந்த "வெளிப்படுத்தும்" என்ற வினையில்தான் இருக்கிறது. மதக் கட்டத்தை யாரும் நிரப்பத் தேவையில்லை, புள்ளிகளின் வரிசையே அதை வெளிப்படுத்திவிடும். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் ஓர் இடத்தரவு விற்பனை நிறுவனத்தின்மீது எடுத்த நடவடிக்கையும் சிகிச்சை நிலையங்கள், வழிபாட்டிடங்கள் போன்றவற்றுக்குப் போய்வந்தவர்களின் தரவைப் பற்றியதே.

பெயரை நீக்கிவிட்டோம் என்பது இங்கே பதிலாகாது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் 15 இலட்சம் பேரின் 15 மாதத் தொலைபேசித் தரவைப் பார்த்தார்கள். நேரத்தோடு கூடிய நான்கு புள்ளிகள் கையில் இருந்தாலே 95 வீதமானோரைத் தனித்துப் பிரித்தெடுக்க முடிந்தது. எனவே "பெயர் நீக்கிய" என்று எழுதலாம், "அடையாளமற்ற" என்று எழுதவிடக்கூடாது. அகராதியில் இவ்விரண்டும் தனிப் பதிவுகளாக இருக்கவேண்டும்.

இந்த வரிசைக்கு "நடமாட்டத் தரவு" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒவ்வவில்லை. பொலிஸ் அறிக்கையில் "சந்தேகத்துக்கிடமான நடமாட்டம்" என்று படித்துப் படித்து அந்தச் சொல்லில் ஒரு கறை ஏறிவிட்டது. இந்த மாவட்டங்களில் அதை எந்தக் காதால் கேட்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. பாதுகாப்பைக் கோருபவரையே சந்தேகநபராக நிறுத்தும் சொல் வேண்டாம். "இடத்தடம்" என்று வைப்போம். புள்ளி இடத்தரவு, புள்ளிகள் நேர ஒழுங்கில் சேர்ந்தால் இடத்தடம்.

அக்கரைப்பற்று, மென்பொருள் விரிவுரையாளர்:

ஐயா, இடத்தடம் அருமை. தரவுத்தள அட்டவணைக்கே அந்தப் பெயரை வைக்கலாம்.

அடுத்த பிரச்சினை துல்லியம். அன்ட்ரொயிட் 12 தொடக்கம் அனுமதி கேட்கும் பெட்டியில் இரண்டு வட்டம் வரும், ஒன்று துல்லியமானது, மற்றது ஏறத்தாழ 3 சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் மங்கலாக்கியது. ஐபோனில் 14ஆம் பதிப்பிலிருந்து துல்லியத்தை அணைக்கும் ஆளி உண்டு. எப்போதும் எடுக்கும் அனுமதி இவற்றிலிருந்து வேறு. அன்ட்ரொயிட் 11 தொடக்கம் அது பெட்டியில் வராது, அமைப்புகளுக்குள் போய்த்தான் கொடுக்கவேண்டும். துல்லியமானது, மங்கலாக்கியது ஆகிய இரண்டுக்கும் "நுண்ணிடம்", "பருவிடம்" என்று வைத்தால் என்ன?

இதில் நமது மண்ணுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. காத்தான்குடி போல வீடும் வீடும் சுவரைப் பகிர்ந்து நிற்கும் இடத்தில் 110 மீற்றருக்குள் எத்தனையோ குடும்பம் மறைந்துகொள்ளலாம். பொத்துவிலுக்குத் தெற்கே வயலுக்கு நடுவே வாடி போட்டிருப்பவருக்கு 3 சதுர கிலோமீற்றருக்குள்ளும் அவர் ஒருவரே இருக்கக்கூடும். கல்லடி, நாவற்குடா பக்கம் வேறு மாதிரி: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலப்பட்டை. மங்கலாக்கிய வட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் விழும். தண்ணீரில் ஆள் குடியிருப்பதில்லை, ஆகவே மறைவாக எஞ்சுவது அந்த நிலத்துண்டு மட்டும். கலிபோர்னியச் சட்டம் 1,850 அடி ஆரைக்குள் காட்டினால் துல்லியம் என்கிறது, வர்ஜீனியா 1,750 அடி என்கிறது. தூரத்தை மட்டும் வைத்து வகுத்தால் கிழக்கில் பாதிப்பேருக்கு அது வேலிபோல் தெரியும், ஆனால் மறைக்காது. வரைவிலக்கணத்தில் அப்பரப்புக்குள் வாழும் ஆட்களின் எண்ணிக்கையும் வரவேண்டும்.

எதற்கு எவ்வளவு துல்லியம் தேவை என்றும் கேட்கவேண்டும். தொழுகை நேரச் செயலியை எடுங்கள். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கு மேற்காக ஒரு கிலோமீற்றர் தள்ளினால் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 2 செக்கன்தான். நேரத்தை நிமிடக் கணக்கில் காட்டும் செயலிக்கு ஊர்ப்பெயரே போதும், 5 மீற்றர் துல்லியம் ஏன்? மீனவருக்கான காற்று, மழைச் செயலியும் அப்படித்தான். ஓட்டோச் செயலிக்கு மெய்யாகவே துல்லியம் வேண்டும், ஆனால் பயணம் முடியும்வரை மட்டும்.

திருக்கோவில், ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

தம்பி, நுண்ணிடம் புணர்ச்சியில் சரி. பருவிடம் வேண்டாம். பருவம் என்ற சொல்லோடு மயங்கும், பாதிப்பேர் பருவகாலம் என்று படிப்பார்கள். நம் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் "அண்ணளவு" என்று படித்து வளர்கிறார்கள், கடைக்காரரும் "அண்ணளவா நூறு ரூபா" என்கிறார். இருக்கிற சொல்லை விட்டு ஏன் புதிது? "அண்ணளவு இடம்", அதற்கு இணையாகத் "துல்லிய இடம்". ஒன்று பண்டிதத் தமிழாகவும் மற்றது பேச்சுத் தமிழாகவும் நின்றால் சோடி பொருந்தாது, ஆதலால் நுண்ணிடத்தையும் விட்டுவிடலாம்.

பிரைவசி என்பதற்கு எழுதும் "தனியுரிமை" பற்றியும் ஒரு சொல். சட்டக் காதுக்கு அது ஒருவருக்கே உரிய ஏகபோகம் போலவும் ஒலிக்கும். "அந்தரங்கம்" என்றால் ஆச்சிக்கும் விளங்கும். இடத்தரவு அந்தரங்கம், இடத்தட அந்தரங்கம் என்று இரண்டும் தடையின்றி ஓடுகின்றன.

மட்டக்களப்பு, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

சேர் சொன்னதை ஏற்று, துல்லிய இடம், அண்ணளவு இடம் என்றே எழுதிவிட்டேன். பதிவுகளின் வரைவு:

இடத்தரவு: ஒரு கருவி அல்லது அதை வைத்திருப்பவர் ஒரு நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டும், அல்லது உய்த்தறிய உதவும் தரவு, எவ்வழியால் பெறப்பட்டாலும்.

இடத்தடம்: ஒரே ஆள் அல்லது கருவிக்குரிய இடத்தரவு நேர ஒழுங்கில் சேர்ந்தது, பெயர் நீக்கப்பட்டிருந்தாலும்.

அண்ணளவு இடம்: ஆள் தனித்துத் தெரியாதபடி, அப்பகுதியின் குடியடர்த்தியையும் கருதி மங்கலாக்கிய இடம்.

இடவேலி: ஆள் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ செயலி வினைபுரியும்படி வரைபடத்தில் குறித்த எல்லை.

ஓட்டோச் செயலிக்கான அறிவித்தல் வாசகம்: "நீங்கள் பயணம் கேட்டதிலிருந்து இறங்கும்வரை உங்கள் துல்லிய இடத்தை எடுப்போம். இறங்கியபின் எடுக்கமாட்டோம். பயணத்தின் இடத்தடத்தைக் கட்டண முறைப்பாட்டுக்காக மட்டும் 30 நாள் வைத்திருந்து அழிப்போம். இந்தச் சம்மதத்தை எப்போதும் மீளப்பெறலாம்." நாட்கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்ப மாற்றலாம், ஆனால் கணக்கு இல்லாமல் விடக்கூடாது. "தேவையான காலம்வரை" என்று எழுதினால் அது எக்காலமும் என்றாகிவிடும்.

கல்முனை, சட்டத்தரணி:

மகள், வாசகம் நன்று. விளையாட்டுகளுக்கு இது போதாது. 2016இல் போகிமொன் கோ வந்தபின் தெருவில் நடந்து விளையாடும் வகை பெருகிவிட்டது, ஆடுபவர்களில் பலர் பிள்ளைகள். நமது சட்டத்தில் பிள்ளை பற்றிய தரவு விசேட வகைக்குள் வரும், 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சட்டத்தை மீறி, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புக்கும் இணங்காவிட்டால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய்வரை போகலாம்.

இன்னொன்று. விளையாட்டில் ஓர் இடத்தைப் பிடித்தவுடன், பிடித்தவரின் புனைபெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும்படி செய்வார்கள். நிறுவனம் எடுப்பது ஒன்று, அடுத்த ஆட்டக்காரருக்குக் காட்டுவது இன்னொன்று. தினமும் மாலை 4 மணிக்கு அதே புனைபெயர் அதே மைதானத்தில் தெரிந்தால் அந்தப் பிள்ளையைத் தேடி வருபவருக்கு வேறொன்றும் தேவையில்லை. "இடவெளிப்பாடு" என்று அதற்குத் தனிப் பதிவும், அறிவித்தலில் தனிக் கேள்வியும் வையுங்கள். பிள்ளைகளுக்கு அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கவேண்டும், பெயர் ஒரு நாளாவது தாமதித்தே தெரியவேண்டும்.

மட்டக்களப்பு, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

இடவெளிப்பாடு சேர்த்தாயிற்று, ஐயா. பெற்றோருக்கான வாசகம்: "உங்கள் பிள்ளை விளையாடும் இடம் மற்ற ஆட்டக்காரருக்குத் தெரியலாமா? இதற்கு இல்லை என்றாலும் பிள்ளை தொடர்ந்து விளையாடலாம்." இரண்டாம் வாக்கியத்தை எந்த நிறுவனமும் வெட்டக்கூடாது என்று பதிவின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். இடவேலிக்கு மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.