திருகோணமலையில் இருந்துகொண்டு பல்சா பலகை எங்கே வாங்குவது?

உப்புவெளி ரீச்சர்:

வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகள் 20 பேருடன் கையால் எறிந்து பறக்கவிடும் கிளைடர் செய்ய இருக்கிறோம். ஆளுக்கொன்று. இறக்கை 45 சென்ரிமீற்றர் நீளம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. வால் 1.5 மில்லிமீற்றர் பலகையில். சீனக்குடாவில் விமானப்படை விமானங்கள் ஏறி இறங்குவதை இந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். எப்படி மேலே நிற்கிறது என்று கேட்டால் எல்லோரும் "எஞ்சின்" என்கிறார்கள். எஞ்சின் இல்லாத ஒன்றை அவர்களே செய்து, அது மிதந்து போவதைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

பலகைதான் பிரச்சினை. இதற்கு வேண்டியது பல்சா என்ற மிக இலேசான மரத்தின் பலகை. என்.சி. வீதியில் இருக்கும் ஹாட்வெயார் கடைகளிலும் மரக்காலையிலும் கேட்டேன். பல்சா என்றால் என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இப்போது என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. கொழும்பில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கலாம். சீனாவிலிருந்து இணையத்தில் கட்டாக வாங்கலாம். சித்தியின் மகள் ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வருகிறாள், அவளிடமும் சொல்லலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் காசு கொஞ்சம்தான், ஒருமுறைதான் வாங்க முடியும். இதில் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

உவர்மலையான்:

ரீச்சர், உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. மாதிரி விமானம் செய்வது ஷார்ஜாவில் வேலை செய்த காலத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம், ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. இவ்வளவு காலமும் இந்த ஊரில் தனியாகத்தான் பலகை வெட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு வகுப்பே செய்யப்போகிறது என்றால் நீளமாக எழுதாமல் இருக்க முடியாது.

மூன்று வழியிலும் வாங்கலாம். கடைக்காரர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒவ்வொரு பலகையையும் தராசில் வைத்து நிறை சொல்வீர்களா?" சொல்கிறவரிடம் வாங்குவேன். சொல்லாதவர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

காரணம் மரத்திலேயே இருக்கிறது. பல்சா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து மரம். சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈக்குவடோரில் விளைவது. சில வருடங்களிலேயே வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும். வளரும் வேகம், கிடைக்கும் தண்ணீர், மரத்தின் எந்தப் பகுதியில் அறுத்தது என்பதைப் பொறுத்து அடர்த்தி மாறும். ஒரு கன மீற்றருக்கு 60 கிலோ வரும் பலகையும் உண்டு, 250 கிலோவைத் தாண்டுகிறதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. படத்தைப் பார்த்து வாங்கினால் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இணையத்தில் வந்த ஒரு கட்டில், ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு பாரம். ஒன்றில் இடப்பக்க இறக்கையும் மற்றதில் வலப்பக்க இறக்கையும் செய்திருந்தால் அந்த விமானம் நேராகப் போயிருக்கவே முடியாது.

உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான பலகை 915 மில்லிமீற்றர் நீளம், 75 அகலம். 3 மில்லிமீற்றர் தடிப்பில் அதன் கனவளவு கிட்டத்தட்ட 206 கன சென்ரிமீற்றர். இறக்கைக்கு 23 முதல் 29 கிராம் வரை நிறையுள்ள பலகை எடுங்கள். அது கன மீற்றருக்கு 110 முதல் 140 கிலோ. அதைவிட இலேசானது, பிள்ளைகள் கொஞ்சம் ஓங்கி எறிந்தால் நடுவில் முறிந்துவிடும். 40 கிராம் வருகிற பலகை முறியாது, ஆனால் மிதக்கவும் மாட்டாது.

வாலில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். 1.5 மில்லிமீற்றர் பலகை 10, 11 கிராமுக்குள் இருக்கட்டும். உங்கள் மாதிரியில் இறக்கையிலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு என்று வையுங்கள். வாலில் 1 கிராம் கூடினால் மூக்கில் 3 கிராம் களிமண் ஒட்ட வேண்டும். நெம்புகோல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, பிள்ளைகளே தராசு வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

உடலுக்கு, அதாவது நடுவே ஓடும் குச்சிக்கு, பல்சா தேடிச் செலவழிக்கவேண்டாம். பட்டம் கட்டுகிறவர்களிடம் நேராகச் சீவிய மூங்கில் இருக்கும். பைன் மரச் சட்டம் கிடைத்தாலும் போதும். வால் பக்கம் மெலிதாகச் சீவிவிடுங்கள்.

அடுத்தது நார், அதாவது பலகையில் மரத்தின் இழை ஓடும் விதம். மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதை வைத்து ஏ, பி, சி என்று மூன்று வகை சொல்வார்கள். ஏ வகையில் நீள நீளமான கோடுகள் தெரியும், அகலப்பக்கமாக இலகுவாக வளையும். வளைந்த பாகங்களைச் சுற்றி மூடுகிற வேலைக்கு அதுதான் சரி. சி வகையின் முகத்தில் மீன் செதில் மாதிரி மினுங்கும் புள்ளிகள் இருக்கும். அகலப்பக்கம் விறைப்பாக நிற்கும், வளைக்கப்போனால் வெடிக்கும். உங்கள் வாலுக்கு சி வகை. இறக்கைக்கு சி அல்லது இரண்டுக்கும் நடுவிலுள்ள பி. தட்டையாகவே வைத்து அரத்தாளால் வடிவம் எடுக்கப்போகிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

இப்போது கடைகள். கொழும்புக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி வீடு செய்ய வாங்குகிற பலகை. அவர்களுக்குப் பாரம் ஒரு பொருட்டல்ல, அதனால் கடையிலும் அதைப் பார்த்து எடுப்பதில்லை. நேரே போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க முடிந்தால் போங்கள். சின்னத் தராசு ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோனால் யாரும் தடுக்கமாட்டார்கள். பஸ்ஸில் அனுப்பச் சொல்லி எடுக்கவேண்டாம். சீனக் கட்டு விலை குறைவுதான், ஆனால் தெரிவுசெய்ய முடியாது. தடிப்பும் சீராக இருக்காது, தபாலில் முனை நசுங்கி வருவதும் உண்டு.

லண்டன் தங்கச்சிதான் உங்கள் வழி. இங்கிலாந்தில் மாதிரி விமானக்காரர்களுக்கென்றே பலகை விற்கும் கடைகள் இருக்கின்றன, எஸ்.எல்.இ.சி. போன்றவை. அங்கே விமானத்துக்கு என்று சொன்னாலே விஷயம் விளங்கும். மின்னஞ்சலில் நிறையைக் கேட்டு எழுதுங்கள், பதிலைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தம்பலகாமம் தச்சன்:

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு விமானம் தெரியாது, மரம் தெரியும். இவ்வளவு தூரம் போகவேண்டுமா? முள்முருக்கு இலேசான மரம். மலைநாட்டு அல்பீசியாப் பலகையும் பாரமில்லை. அறுத்து இழைத்து 3 மில்லிமீற்றருக்கு நான் இறக்கித் தருகிறேன், பிள்ளைகளுக்கு என்றால் கூலி வேண்டாம்.

உவர்மலையான்:

தச்சன் அண்ணை, நல்ல மனம் உங்களுக்கு. அல்பீசியாவில் நானும் செய்து பார்த்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்த பலகையே இறக்கைக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம். பாரத்தைக் குறைக்க 1 மில்லிமீற்றருக்கு இழைத்தால் இறக்கை துவளும். விறைப்பு தடிப்பில்தான் இருக்கிறது, தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். பல்சாவின் பெருமையே இதுதான்: பாரமில்லாமல் தடிப்பைத் தருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பறக்கவிட்ட மொஸ்கிட்டோ விமானத்தின் உடல்கூட இரண்டு மெல்லிய பிளைவூட்டுக்கு நடுவே பல்சா வைத்துச் செய்ததுதான். இப்போது பல காற்றாலைகளின் இறக்கைகளுக்குள்ளும் அதை வைக்கிறார்கள். 2020 அளவில் சீனா காற்றாலைக்கென்று அள்ளியதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பலகை கிடைக்காமல் விலை ஏறிப்போனது.

ஆனால் அண்ணை, உடல் குச்சி 20 நீங்கள் சீவித் தந்தால் பெரிய உதவி. 8 க்கு 5 மில்லிமீற்றர், ஒரு முனை மெலிந்து வரவேண்டும்.

தம்பலகாமம் தச்சன்:

ஓம், அது என் பொறுப்பு. நீளத்தை ரீச்சர் சொல்லட்டும்.

உப்புவெளி ரீச்சர்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. குச்சி 40 சென்ரிமீற்றர் அண்ணா. லண்டனில் இரண்டு கடைகளுக்கு எழுதினேன். ஒருவர் "நடுத்தரமான பலகை, நம்பி வாங்கலாம்" என்று மட்டும் எழுதினார். மற்றவர், எந்தக் கிராமிலிருந்து எந்தக் கிராமுக்குள் வேண்டும் என்று எழுதுங்கள், நிறுத்து எடுத்து வைக்கிறோம், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு ஆகும் என்கிறார். தங்கச்சிக்குத்தான் யோசனை. 915 மில்லிமீற்றர் நீளம் சூட்கேசுக்குள் அடங்காதாம், பாரமும் கூடிவிடுமோ என்று பயப்படுகிறாள். எத்தனை பலகை சொல்லட்டும்?

உவர்மலையான்:

இரண்டாமவரிடம் வாங்குங்கள். கூடுதல் காசைப் பற்றி யோசிக்கவேண்டாம், பாவிக்க முடியாத பலகைக்குக் கொடுக்கும் காசைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

நீளத்துக்கு வழி இருக்கிறது. கடையிலேயே எல்லாப் பலகையையும் சரிநடுவில் வெட்டித்தரச் சொல்லுங்கள். ஒரு துண்டு 457 மில்லிமீற்றர் வரும், உங்கள் இறக்கை 450. ஒரு பலகையில் இரண்டு இறக்கை, ஆக 3 மில்லிமீற்றர் பலகை 10 போதும். முறிகிறதற்கும் சேர்த்து 13 சொல்லுங்கள். 1.5 மில்லிமீற்றரில், வெட்டிய பாதி ஒவ்வொன்றிலும் 180 மில்லிமீற்றர் நீளக் கிடைவால் இரண்டு எடுக்கலாம். முனையில் மிஞ்சும் துண்டில் நிமிர்ந்து நிற்கும் வால் இரண்டும் வந்துவிடும். 5 பலகை தேவை, 7 வாங்குங்கள். எல்லாம் சேர்த்து அரைக் கிலோவும் வராது, தங்கச்சியின் ஒரு சோடிச் சப்பாத்தின் பாரம்கூட இல்லை. இரண்டு பிளைவூட் துண்டுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டி, உடுப்புக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

வந்ததும் சுவரில் சாய்த்து வைக்கவேண்டாம், எங்கள் கடற்கரை ஈரத்துக்கு வளைந்துவிடும். மட்டமான மேசையில் கிடத்தி, மேலே புத்தகங்களை அடுக்குங்கள். மழைக்கு முன்னரே வெட்டி ஒட்டி முடித்தால் நல்லது. ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கினால் பலகை ஈரம் குடித்துப் பாரம் கூடும், வெள்ளைப் பசையும் காயாது. மழைக்கு முன்னரே பறக்கவிடுவதாக இருந்தால் காலை வகுப்புக்கு முதல் மைதானத்துக்குப் போங்கள். வெயில் ஏறி கச்சான் காற்று எழும்பிவிட்டால் 30 கிராம் விமானத்தைப் பிள்ளைகள் அடுத்த ஒழுங்கையில்தான் தேடவேண்டும்.

கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: 3 மில்லிமீற்றர், 13 பலகை, ஒவ்வொன்றும் 23 முதல் 29 கிராம், பி அல்லது சி நார். 1.5 மில்லிமீற்றர், 7 பலகை, 11 கிராமுக்கு மேல் வேண்டாம், சி நார். எல்லாம் நடுவில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அதன் நிறையைப் பென்சிலால் எழுதித் தரவும். பலகை வந்த அன்றைக்கு எனக்கும் சொல்லுங்கள், தராசோடு வருகிறேன். துண்டுகளை நிறுத்துப் பார்த்துத் தெரிவுசெய்யும் வேலையைப் பிள்ளைகளோடு இருந்து செய்ய எனக்கும் ஆசை.