இரண்டாம் லுட்விக்கைத் தேடிப் பவேரியா போகிறவர்களுக்கு

பனிமலை:
தெற்கு ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட அரசர் இரண்டாம் லுட்விக். அவர் கட்டியவற்றைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே கிடைப்பது அரை மணி நேரச் சுற்று, அவ்வளவுதான். அடிவாரத்து ஹோஹன்ஷ்வாங்காவிலிருந்து ஏற முப்பது, நாற்பது நிமிஷம் பிடிக்கும். குதிரை வண்டியும் வாசல்வரை போகாது, கடைசி ஏற்றம் நடைதான். டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் அந்தச் சுற்று போனது போனதுதான். பனிக்காலத்தில் மரியன் பாலத்தைப் பூட்டிவிடுவதுண்டு. கோட்டையின் பிரபலமான படம் எடுக்கும் இடமே அதுதான். சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் இருக்காது. அதைச் செய்வதற்குள் அரசர் இறந்துவிட்டார். 1869-இல் அடிக்கல் போட்ட கோட்டையில் அவர் தங்கியது மொத்தமே 172 நாள்.

ஏரிக்காற்று:
அவர் முழுசாய்க் கட்டி முடித்தது லிண்டர்ஹோஃப் அரண்மனை ஒன்றுதான். அங்கே சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். கீழே சமையலறைக்கு இறக்கி, பதார்த்தங்களை அடுக்கி, மேலே ஏற்றிவிடும் பொறி. பணியாள் முகம்கூடக் கண்ணில் படக்கூடாதாம்!

கட்டிக் கட்டியே அவர் கடனாளியான கதை புரிய வேண்டுமானால், ஏரித் தீவில் இருக்கும் ஹெரன்கீம்ஸே அரண்மனைக்குப் போங்கள். பிரீன் ஊரின் ஷ்டாக் துறையில் படகு ஏற வேண்டும். தீவில் இறங்கி அரண்மனைக்கு இன்னும் கால் மணி நடை. கடைசிப் படகு நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மண்டபம் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டியது. அதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வடக்குப் படிக்கட்டு: பணம் தீர்ந்ததால் இன்றுவரை பூசாத செங்கல்.

பழைய நாணயம்:
ஒரு திருத்தம். லுட்விக் அரசுக் கஜானாவைக் காலி செய்தார் என்று சொல்லப்படுவது தவறு. தன் அரச மானியத்தையும் கடனையும் வைத்துத்தான் கட்டினார். 1885-க்குள் கடன் 1.4 கோடி மார்க். 18 வயதில், 1864-இல் முடிசூடியவர். 1866 போரில் ஆஸ்திரியா பக்கம் நின்று பிரஷ்யாவிடம் தோற்றார். 1870-இல் பிரஷ்ய அரசருக்கு ஜெர்மன் பேரரசர் பட்டம் தரக் கோரும் கடிதத்தில் கையெழுத்திட்டார். அதன் வாசகம் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குடையது. பதிலுக்கு ரகசியப் பணம் வந்தது.

1886 ஜூனில் குடன் என்பவர் உள்ளிட்ட நான்கு மனநல மருத்துவர்கள், நேரில் பரிசோதிக்காமலே, லுட்விக்குக்கு மனநோய் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஜூன் 12-இல் அவரை ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் உள்ள பெர்க் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இரவு அவரும் குடனும் அந்த ஏரியில் பிணமாகக் கிடந்தார்கள். கொலையா தற்கொலையா என்பது இன்றும் முடியாத வழக்கு.

பெர்க் அரண்மனைக்குள் அனுமதி இல்லை. ஏரிக்குள் நிற்கும் சிலுவையையும் கரையிலுள்ள நினைவுத் தேவாலயத்தையும் பார்க்கலாம். உடல் மியூனிக் புனித மிக்கேல் தேவாலய நிலவறையில், இதயம் ஆல்டோட்டிங்கில். நோய்ஷ்வான்ஸ்டைனில் டிக்கெட் விற்கத் தொடங்கியதும் அதே 1886 ஆகஸ்டில்தான்.